தண்டபாணி தேசிகரும் திரைநாயகனும்

1931ஆம் ஆண்டு தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கதைநாயகன் முதற்கண் பாடகனாகவே விளங்கினான். அக்காலத்து நாயகருள் தில்லையோடு நெருங்கிய தொடர்புடையவர் எம்.எம். தண்டபாணி தேசிகர் ஆவார்.

சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் 1908இல் பிறந்த தேசிகர், தேவாரப் பண்களில் தேர்ந்து, மதுரைக் கோயிலில் ஓதுவாராகத் தொண்டாற்றினார். 1936இல் பட்டினத்தாராகத் திரையில் தோன்றிப் புகழ் பெற்றார். பின்னர்த் தாயுமானவராகவும் மாணிக்கவாசகராகவும் நடித்தார். இந்நாயகர் எவரும் பகைவனை வீழ்த்தியவரல்லர்; தம்மையே வென்றவர்கள். கண்ணீர் விடுதல் ஆடவனுக்கு இழுக்கு என அன்றைய அவையோர் கருதவில்லை.

1942இல் ஜெமினி நிறுவனத்தின் 'நந்தனார்' வெளிவந்தது. நந்தனார் பிறந்த ஆதனூர், இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தது என்பர். 1935இல் இப்பாத்திரத்தை ஏற்றவர் கே.பி. சுந்தராம்பாள் என்னும் பெண்மணி. ஆடவன் வேடத்துக்கு உடல்வலியினும் குரல்வளமே தகுதியாகக் கொள்ளப்பட்டமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும், நாம் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தில்லை செல்ல விடை தருமாறு பண்ணையாள் நந்தன் தன் ஆண்டையிடம் இரந்து நிற்கிறான். சேக்கிழார் காட்டாத இவ்வாண்டையைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். தேசிகரின் குரல் அவ்விரத்தலுக்கு உருக்கம் தந்தது. ஆயின், உருக்கம் உரிமையாகிவிடாது. இறைவன்முன் பணிதல் வேறு, மனிதன்முன் குனிதல் வேறு.

1952இல் வந்த 'பராசக்தி'யின் நாயகன் நீதிமன்றத்தில் நின்று வாதாடினான். குரலின் இடத்தைச் சொல் பெற்றது. பின்னாளில் அச்சொல்லின் இடத்தையும் கைம்முட்டி கவர்ந்துகொண்டது. 2018இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்திலோ, இழிவுபடுத்தப்பட்ட சட்டக் கல்லூரி மாணவன் இறுதியில் இரக்கவுமில்லை, பழிவாங்கவுமில்லை. சமமான இடம் கேட்கிறான். நந்தன் தொடங்கிய நடை அங்குதான் ஒரு நிலைக்கு வருகிறது எனலாம்.

தேசிகர் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக அமர்ந்து மாணவரை உருவாக்கினார். 1957இல் தமிழ் இசைச் சங்கம் 'இசைப்பேரறிஞர்' பட்டத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கியது. 1972இல் மறைந்தார்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் திரையரங்கு நோக்கி விரையும் நம் மாணவர்கள், வன்மையே ஆண்மை என மயங்குதல் கூடாது. தேசிகரின் கனிவையும், எவர்முன்னும் குனியாத தன்மதிப்பையும் ஒருங்கே பெறுதல் அவர்தம் கடன்.