மூன்று வோட்டு வித்தியாசம்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் சாலைக் கடைத்தெரு. கோயிலுக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருக்கும் எனக்கு அந்தத் தெருவில் நடக்காத நாளே இல்லை. மிளகாய் மண்டியில் தமிழ், வெற்றிலைக் கடையில் தமிழ், சுமை தூக்குகிறவர் வழி கேட்பதும் தமிழில். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் விருதுநகரிலிருந்து ஓர் இளைஞர் இந்த நகரத்துக்கு வந்தார். மாமா வைத்திருந்த மரக்கடையில் கணக்குப் பார்க்க வந்தவர் அவர். அவரே பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாகவும், இந்தியாவுக்கு இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்து கொடுத்தவராகவும் விளங்கிய காமராஜர். நம் திருவனந்தபுரம் அவர் பிழைப்புத் தேடி வந்த ஊர் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

மாணவ நண்பர்களே! பள்ளிக்கூடம் திறந்த காமராஜரையும் மதிய உணவு தந்த காமராஜரையும் நாம் நன்றாக அறிவோம். மேடை தோறும் கேட்டிருக்கிறோம். நான் சொல்ல வருவது வேறொரு காமராஜரைப் பற்றி. ஒரே கட்சிக்குள் இரண்டு பேர் போட்டியிட, இரண்டு பேருக்கும் ஆதரவாளர்கள் முறைத்துக்கொண்டு நிற்க, அந்த நெருப்புக்கு நடுவிலேயே வாழ்ந்து பழகிய காமராஜரைப் பற்றி. எதிர்க்கட்சிக்காரனோடு போட்டியிடுவது எளிது. அவன் கொடி வேறு, கொள்கை வேறு. ஒரே கொடியைப் பிடித்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தால் அந்தப் பகை அண்ணன் தம்பிப் பகை போல ஆறாமல் எரியும். அமெரிக்காவில் இப்படிக் கட்சிக்குள் நடக்கும் தேர்தலைப் பிரைமரி என்கிறார்கள். நம் நாட்டில் அது கமிட்டித் தேர்தலாகவும் சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தலாகவும் நடக்கிறது. பெயர்தான் வேறு, சூடு ஒன்றுதான்.

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் காமராஜர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் உட்கார வைத்தார்கள். கை துணியை அளந்தாலும் காது கூட்டத்திலேயே இருந்தது. பையன் காங்கிரஸ் பைத்தியமாகிவிட்டான், ஊரை மாற்றினால் சரியாவான் என்று உறவினர் எண்ணினார்கள். அதனால்தான் இன்னொரு மாமாவான காசிநாராயண நாடாரின் மரக்கடைக்கு, இந்தத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். நடந்தது என்ன? 1924-இல் திருவிதாங்கூர் ராஜ்யத்திலேயே வைக்கம் சத்தியாக்கிரகம் மூண்டது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்ட அந்தப் போராட்டத்தில் காமராஜரும் பங்கு கொண்டார். மருந்து என்று எண்ணிக் கொடுத்ததே நோயை வளர்த்துவிட்டது!

1930-இல் ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுக் காமராஜர் முதன்முறையாகச் சிறை சென்றார். அலிப்பூர்ச் சிறையில் அடைத்தார்கள். அவரை முதலில் சிறைக்கு அழைத்துச் சென்ற போராட்டத்தின் தலைவர் ராஜாஜி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ராஜாஜிக்கும் இவருக்குமே பிற்காலத்தில் முப்பது ஆண்டுப் போட்டி நடந்தது.

காமராஜரின் அரசியல் குரு தீரர் சத்தியமூர்த்தி. குரு ஆங்கிலத்திலும் தமிழிலும் மடை திறந்தாற்போலப் பேசுவார். சிஷ்யர் நாலு வார்த்தையில் முடித்துக்கொள்வார். ஆயினும் இருவருக்கும் ஒட்டிப்போயிற்று. 1936-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குச் சத்தியமூர்த்தி தலைவரானபோது காமராஜர் காரியதரிசியானார். மறு ஆண்டு காங்கிரஸ் சென்னை ராஜ்யத்தில் ஆட்சிக்கு வந்தது. ராஜாஜி பிரதம மந்திரியானார். தேர்தலுக்காக ஊர் ஊராகச் சுற்றித் தொண்டை வற்றப் பேசிய சத்தியமூர்த்திக்கு அந்த மந்திரிசபையில் இடமில்லை. அவருடைய ஆதரவாளர்களின் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது. ராஜாஜி கோஷ்டி, சத்தியமூர்த்தி கோஷ்டி என்று ஊருக்கு ஊர் இரண்டு கோடு கிழித்துக்கொண்டார்கள். ஒரே கதர்ச் சட்டைதான்; ஆனால் பக்கத்தில் உட்கார மனமில்லை.

1940 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குத் தலைவர் தேர்தல் வந்தது. ராஜாஜியின் அணி கோவை சி. பி. சுப்பையாவை நிறுத்தியது. சத்தியமூர்த்தி தாம் நிற்காமல், தம் சிஷ்யர் காமராஜரை நிறுத்தினார். வோட்டு எண்ணி முடித்தபோது காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே வோட்டு! இரண்டே பேர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் தமிழ்நாட்டின் சரித்திரம் வேறு பாதையில் போயிருக்கும். ஆறாம் வகுப்பு வரை படித்த முப்பத்தாறு வயதுக்காரர் மாகாணத்தின் மிகப் பெரிய கட்சிக்குத் தலைவரானார்.

மூன்று வோட்டில் வென்றவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். சபையில் பாதிப் பேர் தனக்கு எதிராகக் கை தூக்கியவர்கள். அவர்களை வைத்துக்கொண்டுதான் கட்சியை நடத்த வேண்டும். வென்றவனைச் சூழ்ந்து நிற்கும் நண்பர்களோ, தோற்றவர்களைத் துரத்தினால்தான் வெற்றி முழுமையாகும் என்று காதில் ஓதுவார்கள். முதல் சோதனை சொந்தக் கூட்டத்திடமிருந்துதான் வரும்.

நான் முன்பு படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒரு சங்கத் தேர்தல் நடந்தது. இரண்டு வேட்பாளர்களும் ஒரே விடுதியில் ஒரே வரிசை அறைக்காரர்கள், நல்ல நண்பர்கள். முடிவு வந்த அன்று இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆனால் ஆதரவாளர்கள் ஆண்டு முடியும் வரை உணவுக்கூடத்தில் தனித்தனி மேஜையில் சாப்பிட்டார்கள். பொங்கல் விழாவையும் இரண்டாக நடத்தினார்கள். நின்றவர்களுக்கு ஆறிவிட்ட புண், கொடி பிடித்தவர்களுக்கு ஆறவில்லை. இங்கே பழவங்காடியிலும் பார்க்கிறேன். தேர்தலுக்கு முந்திய நாள் இரண்டு பக்கத்து மாணவர்களும் வந்து அதே பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைக்கிறார்கள். பிள்ளையார் யாருக்கென்று அருள் செய்வார்? உடைந்த சிரட்டையில் எது யாருடையது என்று பிரிக்க முடியுமா?

காமராஜர் என்ன செய்தார்? தம் குருவான சத்தியமூர்த்தியையே தமக்குக் கீழே காரியதரிசியாகப் பெற்றார். நாலு ஆண்டுக்கு முன்னால் தலைவராக இருந்தவர் காரியதரிசியானார். காரியதரிசியாக இருந்தவர் தலைவரானார். பதவியைப் பெரிதாக எண்ணாத குருவும், பதவியால் தலை கனக்காத சிஷ்யரும் சேர்ந்ததால் இது நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சத்தியாக்கிரகிகள் பட்டியலோடு வார்தாவில் காந்தியடிகளைக் காணப் புறப்பட்ட காமராஜரை வழியிலேயே கைது செய்தார்கள். ராஜாஜியும் சிறை சென்றார்; சத்தியமூர்த்தியும் சிறை சென்றார். பிப்ரவரியில் எதிரெதிரே நின்றவர்களை டிசம்பரில் சர்க்கார் ஒரே வரிசையில் நிறுத்தியது. சிறையில் இருக்கும்போதே காமராஜரை விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தவர் அந்தப் பதவியை ஏற்ற கையோடு விட்டுவிட்டார். வேலை செய்ய நேரமில்லாத பதவியில் உட்காரக் கூடாது என்பது அவர் கட்சி.

1942 ஆகஸ்டில் மறுபடியும் சிறை, மூன்று ஆண்டுகள். உள்ளே இருக்கும்போதே, 1943 மார்ச் 28-இல், குரு சத்தியமூர்த்தி காலமானார். 1945-இல் வெளியே வந்த காமராஜருக்குப் பழைய நெருப்பே காத்திருந்தது. 1942-இல் காங்கிரஸை விட்டு விலகியிருந்த ராஜாஜி திரும்பி வந்தார். ஆகஸ்டுப் போராட்டத்தில் அடிபட்ட தொண்டர்கள், போராட்டத்தில் சேராதவர் எப்படித் தலைமைக்கு வரலாம் என்று கொதித்தார்கள். ராஜாஜியின் ஆதரவாளர்களோ, அவருடைய அறிவுக்கு ஈடாக யாரைக் காட்டுவீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை தீரவில்லை. 1946-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்து போனபின், ராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கூட்டம் வேலை செய்கிறது என்னும் பொருள்பட ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். அந்தச் சொல் காமராஜரைச் சுட்டது. பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். ஆனால் கட்சியை உடைக்கவில்லை. காந்தியடிகள் மீது ஒரு சுடுசொல் வீசவில்லை. ஆதரவாளர்களைத் தெருவில் இறக்கிப் பலம் காட்டவும் இல்லை.

அடுத்த பெரிய தேர்தல் 1954-இல். ராஜாஜி முதல் மந்திரியாக இருந்து கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்துக்கு நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, கட்சிக்குள்ளேயும் எழுந்தது. அவர் விலகினார். மார்ச் 30-இல் காங்கிரஸ் சட்டசபைக் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. ஒரு பக்கம் காமராஜர். மறுபக்கம் ராஜாஜி ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. இந்த முறை வெற்றி மூன்று வோட்டில் தொங்கவில்லை. ஐம்பத்திரண்டு வோட்டு வித்தியாசம். எதிரணியைத் துடைத்தெறியப் போதுமான பலம் இருந்தது.

அவர் அமைத்த மந்திரிசபை தம்மையும் சேர்த்து எட்டே பேர். அந்த எட்டுப் பேரில் எதிர்த்து நின்ற சுப்பிரமணியம் ஒருவர். முன்மொழிந்த பக்தவத்சலம் ஒருவர்! சுப்பிரமணியத்துக்கு நிதியும் கல்வியும் தந்தார். எந்தக் கல்வித் திட்டத்தால் ஒரு மந்திரிசபை கவிழ்ந்ததோ, அந்தக் கல்வி இலாகாவையே தம்மோடு போட்டியிட்டவர் கையில் ஒப்படைத்தார். பழைய திட்டம் கைவிடப்பட்டது. பின் வந்த ஆண்டுகளில் ஊர் தோறும் பள்ளிகள் எழுந்தன. 1956 முதல் மதிய உணவுத் திட்டம் பரவியது. அந்தச் சாதனையில் தோற்ற வேட்பாளருக்கும் பங்கு உண்டு. அன்று கோஷ்டி பார்த்து இலாகா பிரித்திருந்தால் எத்தனை பிள்ளைகளின் தட்டு காலியாக இருந்திருக்கும்?

1963 அக்டோபர் 2-இல் தாமாகவே பதவியை விட்டு, 1964-இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். அந்த ஆண்டு மே மாதம் நேரு மறைந்தார். பதவிக்குப் பலர் கண் வைத்திருந்த நேரம். வோட்டெடுப்பு நடந்தால் கட்சி பிளக்கும் என்று கண்ட காமராஜர், எம்.பி.க்களை ஒவ்வொருவராக விசாரித்து லால்பகதூர் சாஸ்திரியை ஒருமனதாக வரச் செய்தார். சாஸ்திரி மறைந்தபின் 1966 ஜனவரியில் அது கைகூடவில்லை. மொரார்ஜி தேசாய் போட்டியே வேண்டும் என்று நின்றார். இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. காமராஜர் இந்திராவின் பக்கம் நின்றார்; ஜெயித்தார்.

அவர் வாழ்வில் எல்லாம் வெற்றியே என்று எழுதினால் அது பொய்யாகும். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1285 வோட்டில் தோற்றார். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தல் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த அந்த மண், இளமையில் வேலை தந்த ராஜ்யத்தின் மண், அவரைக் கைவிடவில்லை. ஆனால் அதே ஆண்டில் ஜனாதிபதி தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்பதில் காங்கிரஸ் இரண்டுபட்டது. கட்சி நிறுத்திய சஞ்சீவ ரெட்டி தோற்றார். இந்திராவின் ஆதரவு பெற்ற வி. வி. கிரி வென்றார். நவம்பரில் கட்சியே பிளந்தது. நாற்பது ஆண்டுகள் கோஷ்டிகளை ஒட்டவைத்து வந்தவர் இந்தப் பிளவில் தாமே ஒரு கோஷ்டியாக நின்றார். 1912-இல் அமெரிக்காவிலும் இதே கதைதான். குடியரசுக் கட்சியில் டாப்ட்டும் தியோடர் ரூஸ்வெல்ட்டும் மோதிப் பிரிந்தார்கள். இடையில் புகுந்து ஜெயித்தவர் எதிர்க்கட்சியின் வில்சன். உள்சண்டை எல்லை மீறினால் பலன் மூன்றாமவனுக்கு.

ஆனாலும் ஒரு காட்சி மிச்சம் இருந்தது. 1971 தேர்தலில் காமராஜரும் ராஜாஜியும் ஓரணியில் நின்றார்கள்! முப்பது ஆண்டுகளாக யாருடைய பேரைச் சொல்லித் தொண்டர்கள் முறைத்துக்கொண்டார்களோ, அந்த இரண்டு கிழவர்களும் கைகோத்தார்கள். அணி தோற்றது, காமராஜர் மட்டும் நாகர்கோவிலில் வென்றார். 1972-இல் ராஜாஜி மறைந்தார். 1975-இல், காந்தி பிறந்த அக்டோபர் 2-ஆம் நாளில், காமராஜரும் கண் மூடினார்.

அந்த முப்பது ஆண்டுகளில் இவர்களுக்காக நட்பை முறித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் யாராவது போய், தலைவர்கள் சேர்ந்துவிட்டார்கள், நீங்களும் சேருங்கள் என்று சொன்னார்களா? தொண்டனின் பகைக்குக் கணக்கு எழுத யாரும் இல்லை. இந்தக் கேரளத்து மாநிலக் காங்கிரஸிலும் ஏ, ஐ என்னும் இரண்டே எழுத்துகள் எத்தனை வீடுகளைப் பிரித்தன என்பதை டீக்கடைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

நண்பர்களே! போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டியில்லாத சங்கம் தேங்கிய குளம். காமராஜரே போட்டியில் வளர்ந்தவர்தான். மூன்று வோட்டுப் போட்டி இல்லாவிட்டால் அவர் தலைவராகியிருக்க மாட்டார். நாம் அவரிடம் கற்க வேண்டியது எண்ணிக்கை முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலையை. வென்றவன் தன் எட்டு நாற்காலியில் எத்தனையை எதிரணிக்குத் தருகிறான் என்று பாருங்கள். அவன் தலைவனா, வெறும் கோஷ்டிக்காரனா என்பது அங்கே தெரிந்துவிடும். தோற்றவன் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து உண்மையாக உழைக்கிறானா என்று பாருங்கள். அவன் பெருமையும் அங்கே தெரியும். நமக்கு வேலை இரண்டும் இல்லை, நாம் கொடி பிடித்தவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். எதிரணியில் நின்ற தோழனுடைய மேஜையில் முதலில் போய் உட்கார வேண்டியவர்கள் நாம்தான்.