தூண்டில் தாத்தா ஐசக் வால்ட்டன்

1651-ம் ஆண்டு. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலம்.

அரசர் முதலாம் சார்லசின் தலையை 1649-ல் வெட்டிவிட்டார்கள். அவருடைய மகன் படை திரட்டி வந்தார். ஊஸ்டர் நகரத்தில் நடந்த சண்டையில் தோற்று, மாறுவேடம் பூண்டு ஓடினார். அவர் அணிந்திருந்த பதக்கம் ஒரு தளபதியிடம் தங்கிவிட்டது. தளபதி அதை ஒரு வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். பிறகு அவரும் பிடிபட்டு லண்டன் கோட்டைச் சிறையில் அடைபட்டார்.

பதக்கத்தை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாடு முழுவதும் எதிரிகளின் கையில். அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. யார் போவது?

ஒருவர் முன்வந்தார். அவருக்கு வயது 58. லண்டனில் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சாதுவான அந்தக் கிழவரை யார் சந்தேகப்படுவார்கள்? பதக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தளபதி சிறையிலிருந்து தப்பி, அதை இளவரசரிடமே கொடுத்துவிட்டார்.

அந்தக் கிழவர்தான் ஐசக் வால்ட்டன். ஆனால் இந்தத் துணிச்சலுக்காக இன்று அவரை யாரும் நினைப்பதில்லை. மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதனால்தான் அவர் பெயர் நிலைத்திருக்கிறது!

ஏழு குழந்தைகள்

வால்ட்டன் 1593-ல் ஸ்டாபோர்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை சாராயக்கடை நடத்தியவர். மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். பையன் லண்டனுக்கு வந்து தொழில் பழகினான். இரும்பு வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினரானான். ஆனால் விற்றது துணி என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்துச் சங்கங்கள் அப்படித்தான்.

கடை பிளீட் தெருவில் இருந்தது. பக்கத்து மாதா கோவிலின் குரு, பெரிய கவிஞரான ஜான் டன். இருவரும் நண்பர்களானார்கள். டன் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் வால்ட்டனே. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கடைக்காரர் எழுதிய அந்த நூலைப் படித்தவர்களும் பாராட்டினார்கள்.

வெளியே பெயர் வந்தது. வீட்டிலோ துக்கம் குடிகொண்டிருந்தது. 1626-ல் ராச்சேல் என்ற பெண்ணை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தன. ஒன்றுகூடத் தங்கவில்லை. 1640-ல் ராச்சேலும் போய்விட்டாள். பிறகு ஆன் என்பவளை மணந்தார். அவள் பெற்ற ஒரு மகளும் ஒரு மகனும்தான் பிழைத்தார்கள். ஆனும் 1662-ல் இறந்தாள்.

இத்தனை துன்பங்களைக் கண்ட மனிதர் ஆற்றங்கரையைத் தேடிப் போனதில் வியப்பு என்ன?

பதினெட்டுப் பென்னி

1653-ல் அவருடைய மீன் புத்தகம் வெளிவந்தது. விலை பதினெட்டுப் பென்னி. மே மாதத்துக் காலையில் லண்டனுக்கு வடக்கே வழிப்போக்கர்கள் சந்திக்கிறார்கள். ஒருவர் மீன் பிடிப்பவர். அவர் மற்றவருக்குத் தம் கலையைக் கற்றுக் கொடுக்கிறார். நடுநடுவே பாட்டு, பால்காரப் பெண், சத்திரத்துச் சாப்பாடு! நாட்டில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் இப்படி ஒரு புத்தகம்.

அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மீன் முட்டையிடும் மாதங்களில் வலை போடக் கூடாது என்று அந்த நாட்டில் பழைய சட்டங்கள் இருந்தன. வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. யாரும் மதிக்கவில்லை. குஞ்சு மீன்கள் சந்தையில் விலை போயின. ஊருக்குப் பொதுவானதைக் காக்க ஆள் இல்லையே என்று வால்ட்டன் வருந்தினார்.

அவர் கவலையில் நியாயம் உண்டு. டிரவுட் என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். (நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அந்த இனம்தான்.) குளிர்ந்து ஓடும் சுத்தமான நீரில்தான் அது வாழும். பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி செய்து முட்டையிடும். கற்களின் இடுக்கில் நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. கரையை வெட்டிச் சேறு இறங்கினால் முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். வலை போடாமலே ஆற்றைக் காலி செய்துவிடலாம்!

வால்ட்டனிடமும் குறை உண்டு. உயிருள்ள தவளையைத் தூண்டில் முள்ளில் கோக்கும் முறையைச் சொல்லிவிட்டு, அதை அன்போடு செய்யவேண்டும் என்கிறார். தவளைக்கு அந்த அன்பு புரிந்திருக்குமா?

பொய் ஈ

புழுவும் வெட்டுக்கிளியும் வைத்துப் பிடிப்பதில் வால்ட்டன் கெட்டிக்காரர். இறகாலும் மயிராலும் கட்டிய பொய் ஈயை வைத்துப் பிடிப்பதில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. அந்தப் பகுதிக்குத் தாமஸ் பார்க்கர் என்பவரிடம் கடன் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டார்.

அதில் வல்லவர் சார்லஸ் காட்டன். வால்ட்டனைவிட 37 வயது இளையவர். டோவ் ஆற்றங்கரையில் மாளிகை உண்டு. தலைக்கு மேல் கடனும் உண்டு. குடியும் கேலிப்பாட்டுமாகத் திரிந்தவர். கிழவரோ பக்திமான். இருவருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று? ஆறுதான் காரணம். காட்டன் அவரைத் தந்தை என்றே அழைத்தார். 1674-ல் ஆற்றோரம் ஒரு சிறு கல்வீடு கட்டி, வாசலுக்கு மேல் இருவர் பெயரின் முதல் எழுத்துக்களையும் பின்னிச் செதுக்கி வைத்தார்.

1676-ல் புத்தகத்தின் ஐந்தாவது பதிப்பு வரவேண்டும். வால்ட்டனுக்கு வயது 82. பொய் ஈயைப் பற்றி நீயே எழுது என்று பிள்ளையிடம் விட்டுவிட்டார். காட்டன் பத்து நாட்களில், கொஞ்சம் கூடக்குறைய, எழுதி அனுப்பினார்!

டோவ் ஆறு கண்ணாடி போல் தெளிந்தது. ஆள் நிழலைக் கண்டாலே மீன் ஓடிவிடும். ஆகவே தூரத்தில் நின்று, மெல்லிய கயிற்றால் பிடிக்க வேண்டும் என்பது காட்டன் முறை. அப்போது நைலான் ஏது? குதிரை வால் மயிரைத் திரித்துத்தான் கயிறு. கோல் பக்கம் ஏழு மயிர் கனம். வரவர ஆறு, ஐந்து என்று குறைந்து, முள்ளின் அருகே இரண்டே மயிர். அந்த இரண்டு மயிரில் இருபது அங்குல டிரவுட்டைக் கரையேற்றத் தெரியாதவனை அவர் மீன்காரன் என்றே ஏற்கவில்லை. கரடி மயிர், பன்றி மயிர், பட்டு நூல், பறவை இறகு கொண்டு ஈ கட்டுவதையும் சொல்லிக் கொடுத்தார். எந்த மாதம் ஆற்றின் மேல் எந்தப் பூச்சி பறக்கிறதோ, அந்த மாதம் அதைப் போன்ற ஈ. மொத்தம் 65 வகை! நைலான் வந்த பின்பும் மெல்லிய கயிறு, தூரத்து வீச்சு என்ற முறை மாறவில்லை.

நிலக்கரி

1683 ஆகஸ்டு 9. அன்று வால்ட்டனுக்கு 90 வயது நிறைந்தது. அன்றே உயில் எழுத உட்கார்ந்தார். மகன் 41 வயதுக்குள் மணம் செய்துகொள்ளாவிட்டால் பண்ணை நிலம் பிறந்த ஊருக்குச் சேரவேண்டும். அதன் வருமானத்தில் ஏழைப் பையன்கள் இருவருக்குத் தொழில் பழக்க வேண்டும். ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கோ ஏழை வீட்டுப் பெண்ணுக்கோ கல்யாணத்துக்குப் பணம் தரவேண்டும். மீதியில் ஏழைகளுக்கு நிலக்கரி. அதையும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ கொடுக்க வேண்டும். குளிர் வாட்டுவது அப்போதுதான் என்று காரணமும் எழுதினார்.

மகன் மணம் செய்துகொள்ளவில்லை. நிலம் ஊருக்கே போயிற்று.

அந்த ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி, ஆறுகளே உறைந்துபோன கடுங்குளிரில், வின்செஸ்டரில் வால்ட்டன் காலமானார். அங்குள்ள பெரிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1922-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தூண்டில்காரர்கள் 54 பேர் கூடி, அழுக்காகிவரும் ஆறுகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ஐசக் வால்ட்டன் சங்கம்.

காட்டன் 1687-ல் இறந்தார். கடன் தீரவில்லை. டோவ் கரையில் அவர் கட்டிய கல்வீடு மட்டும் இன்னும் நிற்கிறது. வாசலுக்கு மேல் அந்த எழுத்துக்கள் பின்னியபடியே இருக்கின்றன.