நிரலரை நம்பிய டென்னிஸ் ரிட்சி

சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, 1941 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் இயற்பியலும் கணிதமும் படித்தார். 1967இல், தம் தந்தை பணியாற்றிய பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே கென் தாம்சனுடன் இணைந்து யூனிக்ஸ் இயங்குதளத்தை வளர்த்தார். 1973இல் அதன் மையப் பகுதி சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது.

மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் நான், சி மொழியின் இயல்பை முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவேன்: அது நிரலரை நம்பும் மொழி. ஒரு சொல் நினைவகத்தில் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, இறுதியில் ஒரு சுழிய பைட் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று மொழி கேட்காது.

‘ஸ்டிர்என்காப்பி’ என்ற கட்டளையைப் பாருங்கள். எத்தனை எழுத்துகளை நகலெடுப்பது என்று வரம்பு வைக்கலாம் என்பதால் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். சிங்கப்பூர் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் 9 எழுத்துகள். வரம்பு 9 என்றால் எழுத்துகள் மட்டுமே சேரும்; சுழியம் சேராது. பிறகு அந்தப் பெயரைப் படிக்கும் நிரல், முடிவு தெரியாமல் அடுத்த நினைவகத்துக்குள் போய்விடும். மூலச் சொல்லின் நீளத்தையே வரம்பாகத் தருவது இன்னும் மோசம். வரம்பு, சேரும் இடத்தின் அளவைப் பொறுத்தே இருக்க வேண்டும்.

இத்தகைய அலட்சியத்தின் விலையை உலகம் 1988இல் கண்டது. உள்ளீட்டின் நீளத்தைச் சரிபார்க்காத ‘கெட்ஸ்’ கட்டளையையும் ஒரு வழியாகப் பயன்படுத்தி, மோரிஸ் புழு ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது.

சந்தேகத்துக்குரிய வரிகளைச் சுட்டும் ‘லிண்ட்’ என்ற கருவியை ரிட்சியின் சக ஊழியர் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் எழுதினார். இன்று அந்த வேலையைத் தொகுப்பியே செய்கிறது. 2018இல் வெளிவந்த ஜிசிசி 8, மேற்சொன்ன தவறுகளைக் கண்டால் எச்சரிக்கிறது.

நிரல்தான் ஓடுகிறதே என்று சில மாணவர்கள் எச்சரிக்கையை அணைத்துவிடுகிறார்கள். தீப்புகை மணியை அணைப்பதால் தீ அணைந்துவிடுமா?

ரிட்சி 1983இல் தாம்சனுடன் டியூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2011 அக்டோபரில் தமது 70ஆம் வயதில் மறைந்தார். அவர் நம் மீது வைத்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை எளியது. மாணவர்களே, எச்சரிக்கையைப் படியுங்கள். சுழியத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்.