பால் பிராண்டு

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். தொழுநோயே பாதங்களை அழுகச் செய்கிறது என அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரோ, புண்ணுக்குக் காரணம் நடையே எனக் கண்டார். நலமான கால் வலித்ததும் நடையை மாற்றிக்கொள்ளும். உணர்விழந்த கால் ஒரே இடத்தில் ஓயாது மோதும். கட்டாந்தரை அமிழாது, காலின் இயக்க ஆற்றல் மிகக் குறுகிய தொலைவிலேயே அடங்க வேண்டியிருப்பதால், விசை பெருகிப் பாதத்தைத் தாக்கும். மென்மணலோ அமிழ்ந்து அவ்வாற்றலில் ஒரு பகுதியை ஏற்கும். கால் நிற்கும் தொலைவு நீள, விசை குறையும். தோலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில், காலணியின் உள்தளத்துக்கு அவர் தேர்ந்ததோ மணலைப்போல் அமுங்கும் நுண்ணறை இரப்பர். அதனை அணிந்து, பாதம் இழக்காமல் ஊர் திரும்பியோர் பலர்.