எலும்பாய்ந்த பேரறிஞர் அப்துல் லத்தீப் அல்-பக்தாதி

மனித உடலுக்கு உருவம் தருவது எலும்பு. உடலைத் தாங்குவதும், மூளையையும் இதயத்தையும் காப்பதும், தசைகள் பற்றி இயங்க இடந்தருவதும், தன் மச்சையில் குருதியணுக்களைப் பிறப்பிப்பதும் அதுவே. வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் 206 என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் இவ்வறிவு ஒரு நாளில் விளைந்ததன்று. ஓர் எலும்பைப் பற்றிய ஆயிரமாண்டுப் பிழையைக் கண்டு கூறிய பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அப்துல் லத்தீப் அவர்கள் கி.பி. 1162இல் (ஹிஜ்ரி 557) பக்தாதில் பிறந்தார்கள். இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து, அரபு இலக்கணம், நபிமொழி, சட்டம் ஆகியவற்றை முறையாகக் கற்றார்கள். மொழியறிவில் வேரூன்றிய பின்னரே மருத்துவத்திலும் தத்துவத்திலும் கிளைத்தார்கள். அறிவு தேடி மோசுல், திமிஷ்கு, கெய்ரோ எனப் பயணம் மேற்கொண்டார்கள். சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் புலமையை மதித்து உதவித்தொகை வழங்கினார். 1193இல் சுல்தான் மறைந்த பின், அவர்கள் மீண்டும் கெய்ரோ சென்றார்கள். காலையும் மாலையும் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தினார்கள். நண்பகலில் மருத்துவம் பயில்வோருக்குக் கற்பித்தார்கள்.

அந்நாளில் உடற்கூற்றியலுக்கு இறுதிச் சொல்லாக விளங்கியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலென். அவர் ஆய்ந்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளின் உடல்களே. கீழ்த்தாடை, மோவாயில் பொருந்திய இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கொள்கை. அதனை எவரும் ஐயுறவில்லை.

காலெனின் நூலைப் பாடம் சொன்னபோது அப்துல் லத்தீப் அவர்கள் ஓர் இடர்ப்பாட்டை உணர்ந்தார்கள். எத்துணை விளக்கியும் மாணவர் உள்ளத்தில் எலும்பின் வடிவம் பதியவில்லை. கண்ணால் காண வேண்டியதைச் சொல்லால் மட்டும் காட்டிவிட இயலுமா? ஆசிரியராகிய நாமும் நாள்தோறும் உணரும் இடர்ப்பாடன்றோ இது!

அக்காலத்தே எகிப்தைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. 1200ஆம் ஆண்டில் நைல் ஆறு 16 முழம் உயர வேண்டிய இடத்தில் 13 முழத்தைக்கூட எட்டவில்லை. வயல்கள் காய்ந்தன, 1202 வரை பசியும் நோயும் மக்களை வாரிச் சென்றன. அடக்கம் செய்வாரின்றிக் கிடந்தவர் பல்லாயிரவர். கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னும் இடத்தில் எலும்புகள் மேடாகக் குவிந்திருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் மாணவருடன் அங்குச் சென்றார்கள். இருபதாயிரத்திற்கு மேற்பட்டோரின் எலும்புகள் அங்குக் கிடக்கலாம் என மதிப்பிட்டார்கள்.

அங்கே கீழ்த்தாடையைக் கையிலெடுத்து நோக்கினார்கள். மோவாயில் பொருத்துவாய் எதுவும் காணவில்லை. ஒன்றோடு அமையாது இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட மண்டையோடுகளை ஆய்ந்தார்கள். தம் கண் பிழைத்திருக்குமோ என அஞ்சிப் பிறரையும் ஆராயச் செய்தார்கள். அனைத்திலும் கீழ்த்தாடை ஒரே எலும்பாகவே இருந்தது. பெரும்புலவர் கூற்றினும் புலன்களின் சான்றே உறுதியுடையது எனத் துணிந்து எழுதினார்கள்.

முதுகந்தண்டின் அடியிலுள்ள திருவெலும்பையும் ஆய்ந்தார்கள். காலென் பலவென்று கூறியதை முதலில் ஒன்றெனக் கண்டார்கள். பின்னர் வேறு உடல்களில் காலென் கூறியவாறே கண்டபோது அதனையும் மறைக்காது பதிவு செய்தார்கள். பிறர் பிழையைச் சுட்டியவர் தமக்கு எதிரான சான்றையும் ஒளிக்கவில்லை. இதுவே அவர்களின் பெருமை.

இன்றைய அறிவியல் இவ்விரண்டையும் தெளிவாக்குகிறது. கருவில் கீழ்த்தாடை இரு பாதிகளாகத் தோன்றி, பிறந்த முதலாண்டுக்குள் மோவாயில் இணைந்து ஒன்றாகிறது. இரு காதுகளின் முன்னே மூட்டுகளில் அமைந்து, உண்ணவும் பேசவும் அசைவது இவ்வொற்றை எலும்பே. திருவெலும்போ ஐந்து முள்ளெலும்புகள் வயதேற ஏற ஒன்றாய் இறுகி உருவாவது. எனவேதான் உடலுக்கு உடல் வேறுபட்டுத் தோன்றியது.

எகிப்தில் கண்டவற்றையெல்லாம் 'கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்' என்னும் நூலில் வடித்தார்கள். 1231இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வழியில் பக்தாதை அடைந்தபோது, பிறந்த மண்ணிலேயே மறைந்தார்கள். கீழ்த்தாடை ஒன்றே என ஐரோப்பாவில் வெசாலியஸ் தம் நூலில் எழுதியது 1543இல். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் அதனைக் கண்டிருந்தார்கள். ஆயினும் அந்நூல் இலத்தீனில் முழுமையாக வெளிவந்தது 1800இல்தான். அதனால் அக்கண்டுபிடிப்பு மருத்துவ உலகிற்கு உரிய காலத்தில் பயன்படாது போயிற்று என்பது நம் நெஞ்சை வருத்தும் செய்தி.

மாணவச் செல்வங்களே! பசியால் மடிந்து பெயரின்றிக் கிடந்தோரின் எலும்புகளே அவர்களுக்குப் பாடநூலாயின. நூலைக் கற்போம், ஆசானைப் போற்றுவோம், ஆயினும் மெய்யை நேரிற் கண்டு தெளிவோம். கண்டது நம் கருத்துக்கு மாறாயினும் மறையாது உரைப்போம். அதுவே அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.