வாயில் திறந்தவர்

நூலகத்தை விரும்பி வந்தவரல்லர் சீ. இரா. அரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசுக் கல்லூரிகளில் மாணவர் நடுவே நின்று பழகியவர் அவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தபோது, வருவோர் அருகிய அந்த இடத்தின் தனிமை அவரை வாட்டிற்று. சில நாள்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். இலண்டனில் பயிற்சி பெற்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று அவரை இசைய வைத்தனர்.

இலண்டனில் அவர் கண்ட பொது நூலகங்கள் தொழிலாளரையும் குழந்தைகளையும் வரவேற்றன. கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு பற்பல உருவங்களைச் சமைக்கும் அவ்விளையாட்டே, அறிவுத்துறைகளைக் கூறுகளாகப் பகுத்து வேண்டியவாறு இணைக்கும் கோலன் பகுப்பு முறைக்கு வித்தாயிற்று. அம்முறை 1933-இல் நூலாக வெளிவந்தது.

1925-இல் திரும்பியவர் வகுப்பறையை மறந்தார். கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டியிருந்த பல்கலைக்கழக நூல்கள், பின்னர் கடற்கரையில் சிசம் எழுப்பிய செனட் மாளிகைக்குப் பெயர்ந்தன. பட்டம் பெறுவோர் வந்து மீளும் அம்மாளிகையில் படிப்போரும் நாளும் புழங்கலாயினர். நூலைக் காப்பதே நூலகர் கடன் என்றிருந்த காலத்தில், வாசகரே அடுக்குகளிடையே சென்று தாமே தேடி எடுக்கும் உரிமையை அரங்கநாதன் வழங்கினார். நூல் பயன்படுதற்கே என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் காலத்தை வீணாக்காமை, வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராக நூலகத்தைக் காணல் என்பன ஏனைய நான்கு. அவ்விதிகள் உருப்பெற்ற 1928-ஆம் ஆண்டிலேயே மனைவி ருக்மிணியை விபத்தில் இழந்தார். துயரிலும் பணி நிற்கவில்லை. 1931-இல் விதிகள் நூலாயின. அவ்வாண்டே மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. 1936-இல் பல்கலைக்கழக நூலகம் தனிக்கட்டடம் கண்டது.

1945-இல் காசிக்கும் பின்னர் தில்லிக்கும் சென்றார். எனினும் அவர் கனவு சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டமாயிற்று. வீட்டுவரியோடு நூலகவரியும் தண்டி, அத்தொகையால் ஊர்தோறும் நூலகம் பேணுவது அதன் நெறி. தம் சேமிப்பில் ஓரிலட்சம் ரூபாயை, தம் இரண்டாம் மனைவி சாரதையின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி நிறுவ, சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். 1972-இல் பெங்களூரில் மறைந்தார்.

சுங்கச்சாவடியால் பெயர் பெற்ற ஊர் வடசென்னை டோல்கேட். சாவடி, வரி வாங்கிய பின்னரே வழிவிடும். அங்கு வீட்டுவரி செலுத்தும் துறைமுகத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் நூலகவரியையும் உடன் செலுத்துகின்றனர். ஆதலின் நூலகம் அவர்களுக்கு எவரும் இட்ட கொடையன்று, அவர்தம் உடைமை. அவ்வரிக்கு ஈடாக அவர்கள் பெறவேண்டிய வழி, அரங்கநாதன் திறந்து வைத்த அந்த அடுக்குகளின் வழியே. கவிதை நூலொன்று தனக்குரிய வாசகரைச் சேரும் வழியும் அதுவே.