பென்சிலால் எழுதிய மனு

ஆண்டு மலரில் பெரியோர் வரலாறு எழுதுவதே வழக்கம். நான் எழுதப் புகுவதோ பலமுறை சிறை சென்று மீண்ட ஒருவரின் வரலாறு. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் நன்கறிந்த பெயர் அது: கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன்.

1910-இல் மிசௌரி மாநிலத்து ஹானிபல் என்னும் ஊரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். பிறகு அலைச்சல், திருட்டு, சிறை. 1961 ஜூனில், புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடினார் என்று கைதானார். வக்கீல் வைக்கப் பணமில்லை. நீதிமன்றமே அமர்த்தித் தரக் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே அங்கே அது உண்டு. தாமே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டுச் சிறை.

சிறையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் பென்சிலால் மனு எழுதினார். அவருக்காக வாதாட ஏப் ஃபோர்ட்டாஸ் நியமிக்கப்பட்டார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கிடியனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.

ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. என்னைக் கவர்ந்த இடம் இதுதான். தம்மை ஏற்றிச் சென்றதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கிடியன் கேட்டுக்கொண்டதாக டாக்ஸி ஓட்டுநர் சாட்சி சொன்னார். கேட்பவருக்குக் குற்றம் உறுதியானது போலவே தோன்றும். வக்கீல் ஃபிரெட் டர்னர் குறுக்கு விசாரணை செய்தார். ஒவ்வொரு முறையும் அவர் அப்படித்தான் கேட்பார், மனைவியோடு ஏதோ தகராறு என்று பதில் வந்தது! ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஜூரிகள் விடுதலை என்றனர்.

அதே மார்ச் 18 அன்று, ஏழைக்கு முதல் மேல்முறையீட்டிலும் வக்கீல் உண்டு என்று மற்றொரு வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்த வக்கீலே இதில் சாரமில்லை என்று விலகினால்? கலிபோர்னியாவில் ஆண்டர்ஸ் என்பவருக்கு அதுதான் நேர்ந்தது. வக்கீல் ஒரு கடிதத்தோடு விலகிக்கொண்டார். 1967-இல் உச்ச நீதிமன்றம் அது போதாது என்றது. வழக்கு ஏடுகளை ஊன்றிப் படித்து, வாதத்துக்கு இடமுள்ளவற்றை எழுதித் தந்து, கட்சிக்காரருக்கும் நகல் கொடுத்தே விலக அனுமதி கேட்க வேண்டும். நீதிமன்றமும் முழுவதையும் பார்க்க வேண்டும். 2000-இல், மாநிலங்கள் வேறு தக்க முறையும் வகுக்கலாம் என்று இது தளர்ந்தது.

பொய்வாதம் செய்ய வக்கீலை வற்புறுத்தலாகாது, ஒப்புகிறேன். எங்கள் குடும்ப மேல்முறையீட்டுக் கட்டை, ஒன்றுமில்லை என்று ஒரு வக்கீல் திருப்பித் தந்தார். கயிறு நாங்கள் கட்டிய முடிச்சோடே இருந்தது.

கிடியன் 1972 ஜனவரியில் தம் 61-ஆம் வயதில் மறைந்தார். ஹானிபலில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக்குப் பெயர்க்கல் பின்னாளில்தான் வந்தது.